கிணற்றுக்குச் சாட்சி

உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா? 'என்ன கேள்வி இது, எங்க தாத்தா காலத்துலேர்ந்து குடிக்கிற தண்ணி' என்பீர்கள். பருப்பு பூவாக வேகிறது, சோப்பு நுரைக்கிறது, வாயில் உப்புக் கரிக்கவில்லை. நம்மூரில் தண்ணீர்ப் பரிசோதனை பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடும். ஊர் அமைதியாக இருக்கும்வரை இது போதும். பக்கத்து வயலில் யாராவது இரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளை போட வந்தால் போதாது. இந்தப் பாடம் எனக்குக் கிடைத்த இடம் அமெரிக்கா.

அமெரிக்காவில் கிணறா என்று சிரிக்காதீர்கள். என் தங்கை மகன் நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் என்ற ஊரில் இருக்கிறான். நியூயார்க் என்றதும் வானத்தை முட்டும் கட்டடங்களை நினைக்க வேண்டாம். ஊரைத் தாண்டினால் மாடும் சோளக்கொல்லையும்தான். 2023-ல் நான் போயிருந்தபோது, எல்லை தாண்டி பென்சில்வேனியா பக்கம் ஒரு வீட்டை விலை பேசிக்கொண்டிருந்தான்.

"சல்லிசா வருது மாமா. ஒரே விஷயம், முனிசிபாலிட்டி தண்ணி கிடையாது. போர்தான்."

அங்கே இது அதிசயமில்லை. பென்சில்வேனியாவில் மட்டும் முப்பது லட்சத்துக்கும் அதிகமான பேர் வீட்டுக் கிணற்றை நம்பி இருக்கிறார்கள். அமெரிக்காவின் மத்தியக் குடிநீர்ச் சட்டம் குழாய்த் தண்ணீரைத்தான் கண்காணிக்கும். சொந்தக் கிணறா? உங்கள் கிணறு, உங்கள் பாடு.

வீடு எந்த மாவட்டம் என்று கேட்டேன். "சஸ்கொஹானா" என்றான். "மாப்ளே, டிமாக் எவ்வளவு தூரம்?" என்றேன். முழித்தான். அடுத்த சனிக்கிழமை 29-ம் நம்பர் சாலையில் காரை விட்டோம்.

டிமாக் ஒரு சின்ன கிராமம். அதன் அடியில், ஒன்றரை இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில், மார்சில்லஸ் என்ற களிப்பாறை கிடக்கிறது. வயது சுமார் 39 கோடி வருடம். அதற்குள் எரிவாயு சிறைப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் நிலத்துக்குச் சொந்தக்காரர் அடியில் இருப்பதற்கும் சொந்தக்காரராக இருக்கலாம். நம் நாட்டைப் போல எண்ணெயும் எரிவாயுவும் சர்க்காருக்குப் போவதில்லை. 2006 வாக்கில் கம்பெனி ஏஜென்ட்டுகள் வீடு வீடாக வந்தார்கள். ஏக்கருக்கு 25 டாலர் முன்பணம், அப்புறம் ராயல்டி. பால் மாடு வைத்து நொடித்துப்போன பலர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

2009 ஜனவரி முதல் தேதி, டிமாக்கில் ஒரு வீட்டுக் கிணறு வெடித்தது. கான்கிரீட் மூடி உடைந்து சிதறியது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை. காரணம் மீத்தேன். அதற்கு நிறமில்லை, மணமில்லை, ருசியில்லை. தண்ணீரில் கரைந்திருப்பதைக் குடித்தால் உடனே ஒன்றும் ஆகாது. ஆனால் மூடிய கிணற்றிலோ குளியலறையிலோ தண்ணீரைவிட்டு வெளியேறி, காற்றில் ஐந்து சதவிகிதத்தைத் தொட்டுவிட்டால், பம்பு மோட்டாரின் ஒரு பொறி போதும்.

இரண்டு கிலோமீட்டர் அடியில் இருக்கும் வாயு, நூறு இருநூறு அடிக் கிணற்றுக்கு எப்படி வந்தது? துளையை முதலில் செங்குத்தாக இறக்குவார்கள். பிறகு பாறைக்குள் படுக்கை வசமாகத் திருப்புவார்கள். ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர், மணல், கொஞ்சம் ரசாயனம் சேர்த்து அழுத்தி, பாறையை வெடிக்கவைப்பார்கள். எல்லோரும் பயப்படுவது இந்த வெடிப்பைத்தான். உண்மையான பலவீனம் பெரும்பாலும் மேலே இருக்கிறது. துளை போகிற வழியில் உங்கள் நிலத்தடி நீரைக் குறுக்கே கிழித்துக்கொண்டுதான் போக வேண்டும். அந்த இடத்தில் ஸ்டீல் குழாய், அதைச் சுற்றி சிமென்ட். சிமென்ட் சரியாகப் பிடிக்காமல் விரல்கடை இடைவெளி இருந்தால், வாயு அதன் வழியே ஏறி வந்துவிடும். 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, தாங்கள் பார்த்த இடங்களில் பாறையை உடைத்ததால் அல்ல, இந்தக் குழாய், சிமென்ட் கோளாறால்தான் வாயு கசிந்தது என்று சொன்னது. ஆக, பூதம் பாதாளத்தில் இல்லை, கொத்தனார் வேலையில் இருந்தது!

கம்பெனி என்ன சொன்னது? 'இந்த மண்ணில் மீத்தேன் என்றைக்கும் உண்டு' என்றது. அது பொய்யுமில்லை. அதே மாவட்டத்தில் சால்ட் ஸ்பிரிங்ஸ் என்று ஒரு பூங்கா. அங்கே உப்பு ஊற்றில் மீத்தேன் தானாகவே குமிழியிடுகிறது. 2010-ல் வந்த 'காஸ்லேண்ட்' ஆவணப் படத்தில் கொலராடோக்காரர் ஒருவர் குழாய்த் தண்ணீரைப் பற்றவைப்பாரே, அந்த வாயு இயற்கையானது, துளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அந்த மாநில அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். குழாய் எரிவதே அத்தாட்சி ஆகிவிடாது.

விஞ்ஞானிகளும் இரண்டு கட்சி. 2011-ல் டியூக் பல்கலைக்கழகத்தார் இந்த வட்டாரத்துக் கிணறுகளைச் சோதித்தார்கள். எரிவாயுத் துளைக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தவற்றில் மீத்தேன் சராசரி லிட்டருக்கு 19.2 மில்லிகிராம்; துளை இல்லாத இடங்களில் 1.1. கிட்டத்தட்ட 17 மடங்கு. உடைக்கப் பயன்படுத்திய ரசாயனம் கிணறுகளில் இருந்ததற்கு அடையாளம் இல்லை என்பதையும் அவர்களே நேர்மையாகச் சொன்னார்கள். 2013-ல் இன்னொரு ஆய்வு, 1,701 கிணறுகளை வைத்து, மீத்தேன் பள்ளத்தாக்கில் இயல்பாகவே அதிகம், துளை காரணமில்லை என்றது. எழுதியவர்களில் கம்பெனிக்காரர்களும் உண்டு. அரசாங்கம் மட்டும் என்ன? 2012-ல் சுற்றுச்சூழல் துறை 64 வீடுகளின் தண்ணீரைச் சோதித்து, மேல் நடவடிக்கை தேவையில்லை என்றது. 2016-ல் மத்திய அரசின் சுகாதார அமைப்பு ஒன்று அதே கணக்கைப் பார்த்து, சில கிணறுகளில் உடம்புக்கு ஆகாத அளவு இருந்தது என்றது.

இத்தனை சண்டைக்கும் ஒரே ஒரு காகிதம் போதுமாக இருந்திருக்கும். துளை போடுவதற்கு முந்தின நாள் இந்தக் கிணற்றில் என்ன இருந்தது என்று சொல்லும் காகிதம். வடிவேலு கிணற்றைக் காணோம் என்று போலீஸைக் கூட்டி வந்தபோது சிரித்தோம். ஆனால் பாருங்கள், அவர் கையில் கிணறு வெட்டிய ரசீது இருந்தது. டிமாக்கில் பலரிடம் அது இல்லை.

சட்டத்தின் விசித்திரமும் இங்கேதான். பென்சில்வேனியாவில் 2012 முதல், துளையிலிருந்து 2,500 அடிக்குள், வேலை முடிந்த 12 மாதத்துக்குள் கிணறு கெட்டால் கம்பெனியே பொறுப்பு என்று வைத்துக்கொள்வார்கள். டிமாக்கில் தண்ணீர் கெட்டபோது இது 1,000 அடி, 6 மாதம். ஆனால் 'முன்பே கெட்டிருந்தது' என்று கம்பெனி நிரூபித்தால் தப்பித்துக்கொள்ளலாம். அதனால் கம்பெனி முன்கூட்டியே உங்கள் கிணற்று நீரைச் சோதித்து வைத்துக்கொள்கிறது. சோதிக்க விடமாட்டேன் என்று கதவைச் சாத்தினாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்.

டிமாக் வழக்கு 2022 நவம்பரில் முடிந்தது. கேபட் என்ற கம்பெனி அதற்குள் இன்னொன்றோடு இணைந்து கோட்டெரா ஆகியிருந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளவுமில்லை, எதிர்த்து வாதாடவுமில்லை. குழாய்த் தண்ணீர் கொண்டுவரவும், பாதிக்கப்பட்டவர்களின் 75 வருடத் தண்ணீர் பில்லுக்குமாக சுமார் 1.63 கோடி டாலர் தரச் சம்மதித்தது. கிணறு வெடித்துப் பதினான்கு வருடம்! குழந்தையாக இருந்தவர்கள் கல்லூரிக்குப் போயிருப்பார்கள்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். கடன் கொடுக்கும் வங்கி பாக்டீரியா, நைட்ரேட், ஈயம் கேட்டது. மீத்தேனைக் கேட்கவே இல்லை. மாப்பிள்ளை தன் செலவில் அங்கீகாரம் பெற்ற லேபிலிருந்து ஆளை வரவழைத்தான். பாட்டில் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்பதற்குக்கூட ஒரு தாள் எழுதினார்கள். இல்லாவிட்டால் கோர்ட்டில் செல்லாதாம். முடிவு வந்தது: லிட்டருக்கு ஒன்பது மில்லிகிராம். பத்துக்கு மேல் கவனம், 28-க்கு மேல் ஆபத்து என்பது அங்கே வழிகாட்டி. ஆக, பாஸ்.

"முன்னாடி எவ்வளவு இருந்தது?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டான். அவர் கையை விரித்தார். அரை மைலில் எரிவாயுத் துளை. இந்த ஒன்பது, நாற்பது வருடமாக இருக்கும் ஒன்பதா, ஒன்றிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும் ஒன்பதா? சொல்ல ஆளில்லை. வீட்டை வாங்கவில்லை. தண்ணீர் கெட்டது என்பதால் அல்ல, அதற்குச் சாட்சி இல்லை என்பதால்.

நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. 2020-ல் காவிரி டெல்டாவை வேளாண் பாதுகாப்பு மண்டலமாக்கிய தமிழ்நாட்டுச் சட்டம், புதிய எண்ணெய், எரிவாயுத் துளைகளைத் தடுக்கிறது. தடுத்த பட்டியலில் இந்தக் களிப்பாறை வாயுவும் பேரோடு இருக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடவில்லை. துளையை விடுங்கள். சாயப்பட்டறையோ, இறால் பண்ணையோ, குப்பைக் கிடங்கோ, எது உங்கள் தெருவுக்கு வந்தாலும் முதலில் காணாமல் போவது 'முன்பு எப்படி இருந்தது' என்பதுதான்.

குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டினால் உப்பு, நைட்ரேட், ஃப்ளோரைடு எல்லாம் பார்த்துக் கொடுப்பார்கள். மீத்தேன் மாதிரிச் சமாசாரங்களுக்குத் தனி லேப் தேட வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை, கோடையில், ஒரே கிணற்றில் எடுங்கள். தேதி போட்டு, பத்திரத்தோடு சேர்த்து பீரோவில் வையுங்கள். தண்ணீர் நன்றாக இருக்கும்போதே எடுங்கள். கெட்ட பிறகு எடுத்தால் அது புகார் மனு. முன்னால் எடுத்தால்தான் சாட்சி.