சுருதி இறங்கிய ஆர்கன்

லாரன்ஸ் ஹேமண்ட் முதலில் கடிகாரம் செய்தவர். 1935இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆர்கனிலும் அந்தக் கடிகாரப் புத்திதான். உள்ளே பல் வெட்டிய இரும்புச் சக்கரங்கள் காந்தங்களுக்கு முன்னால் சுற்றும். அவற்றைச் சுற்றும் மோட்டார், மின்சாரம் விநாடிக்கு எத்தனை முறை துடிக்கிறதோ அதற்குக் கட்டுப்பட்டது. அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், மலேசியாவில் 50. அமெரிக்கப் பெட்டியை ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இங்கே ஓட்டினால் வோல்ட் சரியாகிவிடும், சுருதி சரியாகாது. எல்லாச் சுரமும் மூன்று அரைச்சுரம் கீழே போய்விடும்.

எங்கள் தோட்டத்துச் சிற்றாலயத்தில் இருந்த எம்-3 அப்படிப்பட்டது. யாரோ அனுப்பிய நன்கொடை. லிங்கிப் பக்கம், கித்தா மரங்களை வெட்டிச் செம்பனை நட்ட தோட்டம். பெரியப்பா அந்த ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று பல வருடம் கித்தார் வாசித்தவர். ஆர்கனுக்குச் சேர வேண்டுமென்று ஆறு கம்பிகளையும் தளர்த்தி வைத்திருப்பார்.

"அப்போ ஜெனரேட்டர்தான்டா. பெரிய கிராணி வீட்டுல ஐஸ்பெட்டி ஓட ஆரம்பிச்சா பாட்டு இன்னும் கொஞ்சம் இறங்கும். நாங்களும் கூடவே இறங்குவோம்."

இது எனக்கு வேடிக்கைக் கதையாகத்தான் இருந்தது. எலக்ட்ரானிக்ஸ் படித்த பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது அட்சரசுத்தம்.

லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்தபோது ஆர்கனை யாரும் கேட்கவில்லை. மரப்பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. சக்கரங்கள் இறுகிப்போயிருந்தன. உயிரோடு இருந்தது அடியில் இருந்த ஏ.ஓ.-29 ஆம்ப்ளிஃபையர் சேஸிஸ் மட்டும். அதில் கடைசிக் கட்டத்தில் இரண்டு 6வி6 வால்வுகள். லியோ ஃபெண்டர் தன் சிறிய கித்தார் ஆம்ப்களில் போட்டதும் இதே வால்வுதான்.

ஜெபம் நடத்தும் அக்கா சம்மதிக்கவில்லை. "சாமிக்குப் பாடுன பொட்டி தம்பி. நீ அதுல சினிமா பாட்டு வாசிப்ப."

"சாமி மட்டும் எம்.எஸ்.வி. பாட்டு கேக்க மாட்டாரா?" என்றார் பெரியப்பா. அக்கா சிரிக்கவில்லை. இரண்டு வாரம் எங்களோடு பேசவுமில்லை. அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது. சேஸிஸை வெளியே எடுத்துவிட்டால் மிச்சம் விறகுதான். கடைசியில் "லாரியில ஏத்திக் குப்பையில போடுறதுக்கு நீயே எடுத்துக்க" என்று சாவியைக் கொடுத்தார்.

பல்கலைக்கழகத்தில் நாலு வருடப் படிப்பில் வால்வுக்கு ஒரு வகுப்புகூட இல்லை. இருந்தாலும் விதி ஒன்றுதான். வால்வு ஆம்பை அணைத்த பிறகும் அதன் பெரிய கெபாசிட்டர்கள் முந்நூறு வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கலாம். ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே கை வைத்தேன். இரண்டு முள் பிளக்கை வெட்டி எறிந்து, மூன்று முள் போட்டு, சேஸிஸுக்கு எர்த் கொடுத்தேன். காய்ந்துபோன கெபாசிட்டர்களுக்குப் பதில் கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் புதிது வாங்கினேன்.

பிறகுதான் மாற்றும் வேலை. விப்ரேட்டோவுக்கும் பெர்கஷனுக்கும் இருந்த பகுதிகள் கித்தாருக்கு வேண்டாம். கித்தார் பிக்கப்பின் சமிக்ஞை மிக மெலிசு, அதைச் சுமை ஏற்றாமல் வாங்க வேண்டும். அதனால் உள்ளே நுழையும் இடத்தில் ஒரு மெகாஓம். ஆர்கனுக்குக் கால்கட்டையின் அடித்தொனி முழுதாக வேண்டும். கித்தாருக்கு அதே அடித்தொனி சேறு மாதிரி. இடையில் இருந்த கெபாசிட்டர்களைச் சிறிதாக்கியதும் தெளிந்தது. ஒரு 'ம்ம்ம்' மட்டும் பாக்கி. 100 ஹெர்ட்ஸ், நம் மின்சாரத்தின் இரட்டிப்பு. எர்த் கம்பிகளை ஒரே புள்ளிக்குக் கொண்டுவந்த பிறகு அதுவும் அடங்கியது.

இந்த ஆம்புக்குக் கரண்ட்டின் துடிப்பு ஒரு பொருட்டில்லை. உள்ளே போனதும் அதை நேர்மின்சாரமாக்கிவிடும். 50 ஆனாலும் 60 ஆனாலும் சுருதி மாறாது. அதைப் பெரியப்பாவிடம் விளக்கி, கம்பிகளை இனிச் சரியான இடத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்றேன்.

"எது சரியான இடம்? என் குரல் இங்கதான் இருக்கு" என்று தளர்ந்த கம்பியிலேயே வாசித்தார்.

இப்போது ரந்தாவில் ஐந்தாவது மாடி. வால்யூம் நாலைத் தாண்டினால் பக்கத்து வீட்டில் சுவரைத் தட்டுகிறார்கள். இரண்டில் வைத்து வாசிக்கிறார். ஞாயிறு மதியம் அந்த அக்கா மகன் வீட்டிலிருந்து வருவார். முதலில் ஒரு மாதா பாட்டு, பிறகு எம்.எஸ்.வி. அந்த வரிசையை மட்டும் அவர் விட்டுக்கொடுப்பதில்லை.