எட்டு மில்லித் தகடு

காரைக்காலில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரைச் சிப்பாய் என்று சொல்ல மாட்டோம், சொல்தா என்போம். எங்கள் தெருவில் ஒரு சொல்தா தாத்தா இருந்தார். இரண்டாம் உலகப் போரில், 1940 செப்டம்பரில் பிரெஞ்சிந்தியா ஜெர்மனியை எதிர்த்த ஜெனரல் துகோல் பக்கம் சேர்ந்த பிறகு கப்பலேறிப் போனவர். சின்ன வயதில் அவரிடம், "ஜெர்மன்காரனப் பாத்திருக்கீங்களா தாத்தா?" என்று கேட்டேன். "வண்டியத்தான் பாத்தேன். உள்ள இருந்தவனப் பாக்கல" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

போன மார்கழியில் ஒரு வேலையாகப் புணே போயிருந்தேன். அங்கிருந்து சுமார் 120 கிலோமீட்டரில் அகமதுநகர். இப்போது அகில்யாநகர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள். 1994இல் நம் ராணுவத்தின் கவசப் படைப்பிரிவு அங்கே ஒரு டாங்கி அருங்காட்சியகம் திறந்தது. வேலன்டைன், சர்ச்சில், ஜப்பான்காரனின் சின்ன ஹா-கோ, பீரங்கியைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கும் ஆர்ச்சர் என்று வரிசையாக நிற்கின்றன. பெயின்ட் பூசித் துடைத்து வைத்த அவற்றையெல்லாம் வேகமாகக் கடந்துவிட்டேன். ஜெர்மன் வேவு வண்டியிடம் வந்ததும் கால் நின்றுவிட்டது. போரில் பட்ட அடி அப்படியே தெரிய நிற்கிறது அது.

எட்டுச் சக்கரம். எட்டும் இழுக்கும், எட்டும் திரும்பும். உள்ளே நான்கு பேர். அதில் ஒருவர் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்த இரண்டாவது ஓட்டுநர். முன்னால் போக ஆறு கியர், பின்னால் போகவும் ஆறு கியர். எதிரி தென்பட்டால் வண்டியைத் திருப்பி நேரத்தை விடாமல், பின்னால் இருப்பவர் அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். சண்டை போடுவதைவிட, பார்த்ததைத் திரும்பி வந்து சொல்வதற்காகவே செய்த வண்டி. இந்த வண்டி திரும்பிப் போகவில்லை.

எங்கள் அப்பாவுக்கு மீன்பிடித் துறைமுகம் பக்கம் வெல்டிங் பட்டறை. இரும்பைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அவரிடம்தான். துளையின் ஓரம் உள்ளே மடிந்திருந்தால் அடி வெளியிலிருந்து வந்தது, வெளியே மலர்ந்திருந்தால் உள்ளிருந்து போனது என்பார். படகில் ஒட்டுப் போடுவதற்கு முன் அந்த ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பார். அந்த ஜெர்மன் வண்டியின் துளை முன் நின்றபோது என் விரலும் தானாக எழுந்தது, தொடவில்லை. இந்த வண்டிக்கு யாரும் ஒட்டுப் போட்டு, கிரைண்டர் பிடித்து, புதிது போல ஆக்காமல் விட்டதற்காக அந்த அருங்காட்சியகத்தாருக்கு நன்றி சொல்ல வேண்டும். பெயின்ட் அடித்த டாங்கியைப் பார்த்தால் குழந்தைகள் மேலே ஏறிப் படம் எடுக்க ஆசைப்படுகிறார்கள். இதன் முன்னால் ஒரு பையன் வந்து, துளையைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான்.

வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மன் தளபதி ரோம்மலின் படைக்குக் கண்ணாக ஓடியவை இந்த எட்டுச் சக்கர வண்டிகள். 1942 மே மாதம் அங்கே பீர் ஹக்கீமில் துகோல் பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்களும், கொஞ்ச தூரத்தில் இந்தியாவின் 3ஆவது மோட்டார் பிரிகேடும் நின்றார்கள். பிரிகேடு நொறுங்கியது. பிடிபட்டு, பிறகு பாலையில் விடப்பட்ட நூற்றுக்கணக்கான இந்தியச் சிப்பாய்கள் தாகத்தோடு பீர் ஹக்கீம் வந்து சேர்ந்தார்கள். முற்றுகையில் தங்களுக்கே அளந்து ஊற்றிய தண்ணீரில் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களுக்கும் பங்கு கொடுத்தார்கள். பிரிட்டிஷ்காரன் ஆண்ட இந்தியாவும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காரைக்காலும் இரண்டு ராஜ்யமாக இருந்த காலம் அது. தண்ணீருக்கு அந்த எல்லை தெரியவில்லை. நம் பள்ளிப் புத்தகங்களில் நான் இதைப் படித்ததில்லை. அது எனக்குக் குறைதான்.

வண்டியைச் சுற்றிப் பின்பக்கம் போனேன். இரண்டாவது ஓட்டுநர் உட்காரும் இடம் அங்கேதான். குனிந்து பார்த்தேன். உள்ளே இருட்டு. சொல்தா தாத்தா சொன்னது சரிதான். வண்டியைத்தான் பார்க்க முடிகிறது.

ராத்திரி தம்பிக்குப் போன் செய்தேன். பட்டறையை இப்போது அவன்தான் பார்த்துக்கொள்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தகடு எத்தனை மில்லிண்ணே?" என்றான்.

"பக்கவாட்டுல எட்டு."

கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நம்ம படகுக்கே எட்டு போடுறோமேண்ணே" என்றான்.