அஞ்சு வட்டியும் அரை லிட்டர் எண்ணெயும்

ஜூன் 1, 2025, ஞாயிறு

சம்பளம் நேற்றே வந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் வீட்டுக்காரருக்கு கான்ட்ராக்டில் கிடைப்பது, பிடித்தம் போக 14,500. என் தையல் வரும்படி 5,000. வைகாசி முகூர்த்தம் என்பதால் பிளவுஸ் கொஞ்சம் கூடுதல். மகளிர் உரிமைத் தொகை 1,000, அது மாத நடுவில் வரும். ஆக 20,500.

வாடகை 5,500. நசரத்பேட்டையில் பெங்களூரு நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கிற இடத்துக்கு நடந்து போகிற தூரத்தில் வீடு. கம்பெனி பஸ் அங்கேதான் நிற்கும் என்பதால் இந்த வாடகைக்கு ஒத்துக்கொண்டோம். கரண்ட்டுக்கு யூனிட் எட்டு ரூபாய். எங்கள் லைன் வீட்டில் ஐந்து குடும்பத்துக்கும் மின்வாரிய மீட்டர் ஒன்றுதான். உள்ளே ஆளுக்கொரு சப் மீட்டர். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் 2016-ல் கொடுத்தது ஒவ்வொரு இணைப்புக்கும்தான். எங்களுக்கு அது ஐந்தாகப் பிரிந்து, பிறகு காணாமலே போகிறது. ஓனர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. 500 யூனிட் வரை ஓடினால் பில் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 2,048. 500-ஐத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த 2.35 ரூபாய் விலையும் போய்விடும். ஐந்து குடும்பம் ஓட்டுகிற மீட்டர் அந்தக் கோட்டைத் தாண்டாமல் இருக்குமா? அதற்காக எட்டு ரூபாயா என்று கேட்டால் வீடு காலி பண்ணச் சொல்வார். கேட்கவில்லை.

இந்த மாதம் 17-ஆம் தேதி நகைக் கடன் கெடு. இரண்டு சவரன் சங்கிலி, 70,000 ரூபாய்.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தது. பெரியவள் ஆறாம் வகுப்பு. பஞ்சாயத்துப் பள்ளியை விட்டு பூந்தமல்லியில் அரசுப் பள்ளி. புத்தகம், சீருடை, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு. ஆனால் முதலமைச்சரின் காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 2023 ஆகஸ்டில் அந்தத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது, காலை மாவுச் செலவு எனக்குப் பாதியாகக் குறைந்தது. சின்னவன் இன்னும் பள்ளியில் சாப்பிடுகிறான். அக்காளுக்கு இனி வீட்டில் இட்லி ஊற்ற வேண்டும். பதினோரு வயதில் பசி கூடுமே தவிர குறையாது என்பது கோட்டையில் இருப்பவர்களுக்குத் தெரியாதா என்ன.

எதிர் வீட்டில், கடன் வாங்கியாவது மெட்ரிகுலேஷனில் போடு என்றார்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்கு, கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வரும். அந்த ஏழு வருடக் கணக்கு இன்றைக்குத்தான் தொடங்குகிறது. நான் பேசாமல் வந்துவிட்டேன்.

ஜூன் 4, புதன்

எதை வெட்டலாம் என்று உட்கார்ந்து பார்த்தேன்.

ரேஷனில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய், துவரம் பருப்பு கிலோ 30. இரண்டும் மாதத்துக்கு ஒன்றுதான். பருப்பு வெளியில் நூறு ரூபாயைத் தாண்டி விற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சாம்பாரை நிறுத்திப் புளிக்குழம்பு வைத்தால் ரேஷன் பருப்பே போதும். கடலை எண்ணெயில் அரை லிட்டர் குறைக்கலாம். தண்ணீர் கேன் 35 ரூபாய். குழாய்த் தண்ணீரைக் காய்ச்சினால் கேன் மிச்சம், கேஸ் செலவு. சிலிண்டர் ஏப்ரலில் 50 ரூபாய் ஏறி 868.50 ஆகிவிட்டதால் அதில் பெரிய லாபம் இல்லை. செம்பரம்பாக்கம் ஏரி நமக்குப் பக்கத்தில்தான். சுத்திகரித்த அதன் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகிறது. ஏரிக்கரை ஊர்க்காரர்கள் கேன் வாங்குகிறோம்.

போன் ரீசார்ஜ் 299, அதுவும் 28 நாளைக்கு. மாதக் கணக்கு மாதிரித் தெரியும், வருடத்துக்குப் பதின்மூன்று தடவை போட வேண்டிவரும். நெட் வேண்டாதவர்களுக்குப் பேச மட்டும் தனித் திட்டம் கொடுக்கச் சொல்லி தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போன டிசம்பரில் உத்தரவு போட்டதில் இப்போது அப்படி வந்திருக்கிறது. வீட்டுக்காரர் போனுக்கு அதைப் போட்டால் மாதம் 150 ரூபாய் அளவில் மிச்சம். என் போனில் முடியாது. பிளவுஸ் டிசைன் வருவதும் காசு வருவதும் அதில்தான்.

பிங்க் நிறச் சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அங்கே வெட்ட எதுவும் இல்லை. ஷேர் ஆட்டோவை விட்டு, பூந்தமல்லியில் பிங்க் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு பிளவுஸுக்கு ஹூக் கட்டி முடித்துவிடலாம். இருந்தாலும் காத்திருப்பேன்.

எல்லாம் கூட்டினால் மாதம் 600 ரூபாய். அதற்குமேல் வெட்டினால் பிள்ளைகள் தட்டில்தான் கை வைக்க வேண்டும்.

ஜூன் 6, வெள்ளி

டிவியில் நகைக் கடன் செய்தி. ரிசர்வ் வங்கி இறுதி விதிகளை வெளியிட்டுவிட்டதாம். இரண்டரை லட்சம் வரைக்கும் நகை மதிப்பில் 85 சதவீதம் கடன் தரலாம். கடனை முழுக்க அடைத்தபின் ஏழு வேலை நாளுக்குள் நகையைத் திருப்பித் தரவில்லை என்றால், தாமதிக்கிற ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும். சேர்ந்த வட்டியைக் கட்டினால் கடனைப் புதுப்பிக்கவும் இடம் உண்டு. ஆனால் வங்கிகள் இதையெல்லாம் நடைமுறைக்குக் கொண்டுவர 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம். என் கெடு ஜூன் 17.

முன்பெல்லாம் வருடக் கடைசியில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, அதே நகையை அன்றைக்கே திருப்பி வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் விவசாயி முதல் ஆயா வேலை பார்ப்பவர் வரை எல்லோரும் அப்படித்தான். போன செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, வாராக்கடனை இப்படி மூடி மறைக்கிறார்கள் என்று கண்டித்ததும் வங்கிகள் இறுக்கிவிட்டன. அசலும் வட்டியும் முழுசாகக் கட்டு, பிறகு புதிதாக வை என்றார்கள். மே மாதத்தில் இதற்காகப் பல ஊர்களில் போராட்டம். 76,300 ரூபாயை ஒரே நாளில் புரட்டுகிறவளாக இருந்தால் நான் ஏன் சங்கிலியை வைக்கிறேன்?

ஜூன் 8, ஞாயிறு

அவருக்கு லீவு. பிள்ளைகளை அத்தையோடு கோயிலுக்கு அனுப்பிவிட்டு இருவரும் கணக்குப் பார்த்தோம். இதுவரை கடனை யார் முதலில் வந்து கதவைத் தட்டுகிறார்கள் என்ற வரிசையில்தான் வைத்திருந்தோம். தண்டல்காரர் தினமும் வருவார், அவர் முதல். குழுக் கடன் மாதம் ஒருமுறை, நாலு பேர் முன்னால் மானம் போகும், அது இரண்டாவது. அஞ்சு வட்டிக்காரர் மெதுவாகப் பேசுவார், மூன்றாவது. வங்கி வாயே திறக்காது, கடைசி. இன்று வட்டி வரிசையில் எழுதிப் பார்த்தோம்.

தண்டல்: வீட்டு அட்வான்ஸுக்கு ஏப்ரலில் வாங்கியது. 10,000 என்று சொல்லி 8,500 கையில் கொடுத்தார். தினம் 100, நூறு நாள். அட, 1,500தானே என்றார் அவர். தினமும் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருவதால் சராசரியாக நம் கையில் இருப்பது 4,250தான். அதற்கு நூறு நாளில் 1,500 என்றால் வருடத்துக்கு 129 சதவீதம் என்று போட்டுக் காட்டினேன். கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்.

அஞ்சு வட்டி: மாமனார் காரியத்துக்கு வாங்கிய 20,000. நூற்றுக்கு மாதம் ஐந்து. மாதம் 1,000 போகிறது, அசல் அப்படியே இருக்கிறது. வருடத்துக்கு 60 சதவீதம். இத்தனைக்கும் கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பேர் சொல்லியே 2003-ல் தமிழ்நாட்டில் அதிக வட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, அவரும் இருக்கிறார். காரியத்தன்று காலையில் பணம் கொடுத்தவரும் அவர்தான், அதையும் சொல்ல வேண்டும்.

குழுக் கடன்: 40,000, இரண்டு வருடம், 24 சதவீதம், மாதம் 2,115.

நகை: 9 சதவீதம். மாதக் கணக்கில் 525.

ஒரு மாதம் முழுக்கப் பருப்பையும் எண்ணெயையும் அளந்து அளந்து மிச்சம் பிடிப்பது 600. அஞ்சு வட்டி மட்டும் 1,000 தின்கிறது. நான் அடுப்படியில் தேடிக்கொண்டிருந்த பணம் அடுப்படியிலேயே இல்லை.

"அப்ப தண்டலை மொதல்ல முடிச்சிடலாமா?" என்றார்.

"வேணாம். அவர் வட்டியை மொதல்லயே எடுத்துக்கிட்டாரு. இப்ப மொத்தமா கட்டினாலும் ஒரு பைசா குறைக்க மாட்டாரு. அது பாட்டுக்கு ஓடட்டும். ஜூலைல முடியும். திரும்ப வாங்காம இருந்தா போதும்."

அடைக்க வேண்டியது அஞ்சு வட்டி. எதை வைத்து என்பதுதான் கேள்வி. சங்கிலியை வைத்துத்தான். போன வருடம் இதே மாதத்தில் சவரன் ஐம்பத்து மூவாயிரம் சொச்சம். இப்போது எழுபதாயிரத்துக்கு மேல். திருப்பி வைத்தால் கூடக் கிடைக்கும். அவருக்குப் பயம். "வெலை எறங்கிட்டா? ஏலத்துக்குப் போயிட்டா?" நியாயமான பயம்தான். இறங்காது என்று நான் சொல்லவில்லை. 60 சதவீதத்தை 9 சதவீதமாக மாற்றுகிறோம், மிச்சமாகிற ஆயிரத்தையும் மாதாமாதம் நகைக் கணக்கிலேயே போட்டால் கடன் இறங்கிக்கொண்டே வரும் என்றேன். கூடக் கிடைக்கிற பணத்தில் மிக்ஸி வாங்க மாட்டோம் என்று இருவரும் ஒத்துக்கொண்டோம். மிக்ஸி நிஜமாகவே புகைகிறது.

ஜூன் 10, செவ்வாய்

குழுக் கூட்டம். ஐந்து பேரில் ஒரு அக்கா வரவில்லை. வீட்டில் மருத்துவச் செலவு. அவர் தவணையைக் கட்டிவிட்டுத்தான் மற்றவர்கள் எழுந்திருக்கலாம் என்று வசூலுக்கு வந்த தம்பி சொன்னார். ஆளுக்கு 530 போட்டோம். என் புளிக்குழம்பு மிச்சம் முழுக்க அதில் போயிற்று. அந்த அக்காமேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த மாதம் நானாக இருக்கலாம். அந்தத் தம்பிக்கும் சம்பளம் பதினைந்தாயிரம்தான் இருக்கும்.

கிளம்பும்போது, "உங்களுக்கு ரெக்கார்டு நல்லா இருக்கு, இன்னொரு லோன் எடுக்கலாம்கா" என்றார். நுண்கடனில் மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பது 2022-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதி. எங்கள் குடும்ப வருமானத்தில் பாதி பத்தாயிரம் சொச்சம். தண்டலும் அஞ்சு வட்டியும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறாததால், அந்தத் திரையில் நான் கடன் குறைவான பெண்.

அதே விதியில், காலை ஒன்பதுக்கு முன்னாலும் மாலை ஆறுக்குப் பின்னாலும் கடன் கேட்டுப் போன் பண்ணக்கூடாது என்றும் இருக்கிறது. கட்டாய வசூலுக்கு எதிராக இந்த ஏப்ரலில் சட்டப் பேரவையில் ஒரு தனிச் சட்டமும் நிறைவேறியது. வராத அக்காவுக்கு இரவு எட்டு மணிக்குப் போன் வந்ததாம். மணி விவரத்தைச் சொல்லி வைத்தேன். "இதெல்லாம் சொன்னா அடுத்த வாட்டி லோன் தருவாங்களா?" என்று கேட்டார்.

ஜூன் 16, திங்கள்

வங்கி. வாசலுக்கு எதிரே டீக்கடையில் ஒருவர் நிற்கிறார். எல்லோருக்கும் அவரைத் தெரிகிறது. மீட்கப் பணம் கொடுப்பார், திருப்பி வைத்ததும் வாங்கிக்கொள்வார். ஆயிரத்துக்குப் பத்து ரூபாய். காலை பதினொன்றுக்கு அவரிடம் வாங்கிய 76,300 மாலை மூன்றுக்கு அவரிடமே போயிற்று. நாலு மணி நேரத்துக்கு 763 ரூபாய். கடனை மூடி மறைக்கக் கூடாது என்று போட்ட உத்தரவால் இந்த வாசலில் பிழைப்பது இவர் ஒருத்தர்தான் என்று நினைக்கிறேன். என்னோடு வரிசையில் திருமழிசை சிட்கோவில் வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் இருந்தார்கள். அரைநாள் சம்பளம் போனதுதான் அவர்கள் பேச்சு.

சங்கிலியை ஒரு நிமிடம் கையில் வைத்திருந்தேன். மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து, கிராமுக்கு 6,300 என்றார். ஒரு லட்சம் கேட்டேன், தந்தார்கள். எல்லாம் போக 22,000 சொச்சம் கையில்.

வீட்டுக்குப் போகாமல் நேராக அஞ்சு வட்டிக்காரர் வீட்டுக்குப் போனேன். 20,000-ம் இந்த மாத வட்டி 1,000-ம். எண்ணி வாங்கிக்கொண்டு, "அவசரம் இல்லையேம்மா, மெதுவா குடுத்திருக்கலாமே" என்றார். அவருக்கு உண்மையிலேயே வருத்தம். புரோநோட்டைக் கேட்டேன். பீரோ சாவி மகனிடம் இருக்கிறது, நாளைக்கு வாங்க என்றார். வாசல் திண்ணையில் உட்கார்ந்துகொண்டேன். மகன் வந்து எடுத்துக் கொடுத்தபோது இருட்டிவிட்டது. வீட்டுக்காரர் கையெழுத்து இருந்த இடத்தில் ஸ்டாம்பைக் கிழித்து என்னிடமே கொடுத்தார்.

ஜூலை 5, சனி

மிச்சப்பட்ட ஆயிரத்தை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போனேன். கவுன்டரில் இருந்த பெண், "கெடு அடுத்த ஜூன்தானே, இப்பவே ஏன் கட்டுறீங்க?" என்றார். நகைக் கடனில் எப்போது வேண்டுமானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டலாமா, கூடாதா என்று கேட்டேன். கட்டலாம், யாரும் கட்டுவதில்லை என்றார். ரசீது கொடுத்தார்.

சாயங்காலம் தண்டல்காரர். அட்டையில் இன்னும் கொஞ்சம் கட்டம்தான் மிச்சம். "முடியப் போவுது, பதினஞ்சாயிரமா போட்டுடட்டுமாக்கா? ஆடித் தள்ளுபடி வருது." வேண்டாம் என்றேன். அவர் பக்கத்து வீட்டுப் பக்கம் திரும்பி அங்கேயும் அதையே கேட்டார். அங்கே எவ்வளவு கையில் தருவீர்கள் என்று கேட்கிற குரல் கேட்டது. நான் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.