ஏழு மணிச் செய்தியும் ஓர் அமானிதமே



எங்கள் மதரஸாவில் காலை வகுப்பு ஆறரை மணிக்குத் தொடங்கும். வராத பிள்ளைகளின் வீட்டுக்கு ஏழு மணிக்குக் குறுஞ்செய்தி செல்லும். அதனை அனுப்புவது ஜாவா மொழியில் எழுதப்பட்ட ஒரு வலைச் செயலி. செய்தி வராத வீட்டில் தாய் நிம்மதியாக இருக்கிறார். பிள்ளை ஓதிக்கொண்டிருப்பதாக எண்ணுகிறார். ஆகவே, அந்தச் செயலியின் மௌனமும் ஒரு வாக்குறுதியாகிவிடுகிறது. வழியில் எங்கேனும் பிள்ளை நின்றுவிட்ட நாளில் செயலியும் நின்றுபோனால், அம்மௌனம் பொய்யாகிவிடும்.

இதனை மனத்திற்கொண்டே அந்த ஏற்பாட்டை அமைத்தோம். ஸ்பிரிங் எனும் ஜாவா கட்டமைப்பில், பணிக்கு மேலே ஒரு வரி எழுதி நேரத்தைக் குறிக்கலாம். நாங்கள் எழுதியது "0 0 7 * * 0-4,6". இடமிருந்து முறையே நொடி, நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. ஞாயிறு 0, வெள்ளி 5. எனவே வெள்ளி மட்டும் விடுமுறை.

ஏழு மணி என்பது எந்த ஊரின் ஏழு மணி என்பதையும் சொல்லியாக வேண்டும். சர்வரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தால், செய்தி நமக்குப் பகல் 12:30 மணிக்கே வரும். ஆதலால் ஆசியா/கொல்கத்தா எனும் நேர மண்டலத்தையும் அவ்வரியிலேயே சேர்த்தோம்.

அடுத்தது தடங்கல். நாம் வேறு விதமாக அமைக்காவிட்டால், குறித்த நேரப் பணிகள் யாவும் ஒரே த்ரெட்டில், ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கும். ஒரு பணி பதிலுக்காகக் காத்து நின்றால், பின்வருவனவும் நின்றுவிடும். அதனால் காத்திருப்புக்கு வரம்பு விதித்து, த்ரெட்டுகளையும் கூட்டினோம்.

மூன்றாவது, மின்தடை. ஏழு மணிக்குச் செயலி ஓடாதிருந்தால், தவறிய பணியை ஸ்பிரிங் பின்னர் தானாகச் செய்யாது. எனவே, அனுப்பிய ஒவ்வொரு நாளையும் தரவுத்தளத்தில் பதிகிறோம். செயலி மீண்டும் எழும்போது, அன்றைய பதிவு இல்லையெனில் உடனே அனுப்பிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் இயந்திரம் இயந்திரமே. ஆகவே, வந்த பிள்ளைகளின் வீட்டுக்கும் "வந்துவிட்டார்" என ஒரு வரி அனுப்புகிறோம். இப்போது மௌனத்துக்கு ஒரே பொருள்தான்: ஏதோ சரியில்லை.

அன்புப் பெற்றோரே, வகுப்புள்ள நாளில் ஏழேகால் வரை எந்தச் செய்தியும் வராவிட்டால், காத்திராமல் உஸ்தாதை அழையுங்கள்.