வண்டலூர் மார்க்கமாக

வண்டலூர் என்றதும் குழந்தைகளுக்குப் புலியும் சிங்கமுந்தான் ஞாபகத்துக்கு வரும். சென்னையில் மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் நெருக்கடியில் தவித்த மிருகக்காட்சி சாலை 1985-இல் இங்கே குடிபெயர்ந்து, ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட காட்டில் சௌக்கியமாக வாழ்கிறது. நேயர்களில் பெரும்பாலோர் குடும்ப சகிதம் போய்ப் பார்த்திருப்பார்கள். ஆகையால் மிருகங்களைப் பற்றி நாம் எழுதப் போவதில்லை. காட்சி சாலைக்கு வெளியே கண்ட ஒரு மனுஷியைப் பற்றித்தான் எழுதப் போகிறோம்.

தாம்பரம் தாண்டினால் பெருங்களத்தூர். அதற்கடுத்த ஸ்டேஷன் வண்டலூர். மின்சார ரயிலிலிருந்து இறங்கி, டிரங்க் ரோட்டைத் தாண்டுவதற்குள் நம் பிராணன் பாதி போய்விட்டது. 2023 டிசம்பர் கடைசியில் பக்கத்துக் கிளாம்பாக்கத்தில் பெரிய பஸ் நிலையம் திறந்த பிறகு இந்தப் பக்கம் ஜன சமுத்திரந்தான். சாலையோரத்தில் வேர்க்கடலையும் கொய்யாப்பழமும் விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளிடம் கடலை வாங்கிக்கொண்டு நிழலில் ஒதுங்கினோம்.

"இந்தப் பக்கத்து ஊர்தானா, அம்மா?" என்று கேட்டோம்.

"ஆமாங்க ஐயா. அப்பாவுக்குத் தாத்தா காலத்து நிலம் இருந்திச்சு. பாகம் பிரிச்சப்போ அண்ணனுங்களுக்கும் தங்கச்சிக்கும் பங்கு கெடச்சுது. எனக்கு ஒரு அண்டாவும் குத்துவிளக்கும்."

தங்கைக்கு உண்டு, அக்காவுக்கு இல்லையா? விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. அந்த அம்மாளுக்கு விவாகமானது 1986-இல். தங்கைக்கு 1990-க்குப் பிறகு. தமிழ்நாட்டில் மூதாதையர் சொத்தில் மகனுக்குச் சமமாக மகளுக்கும் பங்கு அளித்த சட்டம் 1989 மார்ச் 25-ஆம் தேதியிலிருந்து அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன்பே விவாகமான பெண்களுக்கு அதில் இடமில்லை. 2005-இல் மத்திய சர்க்கார் திருத்தம் செய்து விவாகமான மகளுக்கும் உரிமை தந்தது வாஸ்தவந்தான். ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பு முறைப்படி முடிந்த பாகப்பிரிவினைகளை அது தொடவில்லை. இவர்கள் வீட்டுப் பாகப்பிரிவினையோ அதற்கு வெகு முன்னரே முடிந்துவிட்டது! வண்டலூர்ப் பக்கத்து மனையின் விலையை அறிந்தவர்களுக்கு அந்த அண்டாவின் உண்மை விலை என்னவென்று தெரியும்.

இதே ரயிலில் இன்னும் முக்கால் மணி நேரம் போனால் செங்கற்பட்டு. அங்கேதான் 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் ஈ. வெ. ராமசாமி நாயக்கரவர்களின் சுயமரியாதை இயக்கத்தாரின் முதல் மாகாண மகாநாடு நடந்தது. ஆண்களைப் போலவே பெண்களுக்கும் சொத்துரிமை வேண்டும் என்று அதில் தீர்மானம் நிறைவேறியது. தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சரியாக அறுபது வருஷம். இவ்வளவு சின்ன தூரத்துக்கு இவ்வளவு மெதுவான வண்டி வேறெங்கும் கிடையாது!

தாமதத்துக்குக் காரணம் பல சொல்லலாம். முடிவு செய்யும் சபையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதே முதற் காரணம் என்பது நம் அபிப்பிராயம். 1917 டிசம்பரில் ஸ்ரீமதி சரோஜினி நாயுடு தலைமையில் மாதர் தூதுக்குழு சென்னையில் மாண்டேகுவைச் சந்தித்து வாக்குரிமை கேட்டது. 1921-இல் சென்னைச் சட்டசபை, இந்தியாவின் மற்ற மாகாணங்களுக்கு முன்னோடியாக, அதை வழங்கிற்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மாள் சட்டசபை புகுந்து, 1927-இல் உபதலைவருமானார். அத்தனை ஆடவர்களுக்கு நடுவே ஒரே ஒரு ஸ்திரீ! அவர் வந்த பிறகே கோயில்களுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்ற தீர்மானம் சபையில் ஏறியது. 1930-இல் காந்திஜியைச் சிறைப்படுத்தியபோது அவர் பதவியைத் துறந்தார். முழுத் தடைச் சட்டம் 1947-இல்தான் வந்தது.

ஊராட்சி விஷயத்தில் நிலைமை மேல். 1993-இல் அமலான அரசியல் சட்டத் திருத்தம் ஸ்தல ஸ்தாபனங்களில் மூன்றில் ஒரு பங்கு ஸ்தானங்களைப் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக்கியது. செங்கற்பட்டு ஜில்லாவில் 2021 அக்டோபரில் நடந்த ஊராட்சித் தேர்தலும் அந்தக் கணக்குப்படிதான். ஆனால் அதே வருஷம் சட்டசபைக்கு 234 பேரில் எத்தனை பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்? பன்னிரண்டு பேர்! குழாய் எந்தத் தெருவுக்கு வரும் என்று தீர்மானிக்கும் இடத்தில் பாதிக்குப் பாதி. சொத்து யாருக்குச் சேரும் என்று தீர்மானிக்கும் இடத்தில் இருபதில் ஒன்று.

"கிராம சபைக்குப் போவதுண்டா, அம்மா?" என்று கேட்டோம்.

"போவாம? தலைவரம்மா நடுவுல உக்காந்திருப்பாங்க. பக்கத்துல அவங்க வீட்டுக்காரரு. நான் தண்ணிக் கொழாயப் பத்திக் கேட்டா அவருதான் பதில் சொல்வாரு. நான் விடமாட்டேன். 'அம்மா, நீங்க சொல்லுங்க'ன்னு மறுபடியும் கேப்பேன்."

"சொன்னார்களா?"

"மூணாவது கூட்டத்துல சொன்னாங்க. கொழாயும் வந்திச்சு."

அந்த ஊரின் பெயரை நாம் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023 செப்டம்பரில் நிறைவேறிய சட்டத்தைப் பற்றி அந்த அம்மாளிடம் சொன்னோம். ஜனத்தொகைக் கணக்கு எடுத்து, பிறகு தொகுதிகளை மறுவரையறை செய்து, அதன் பின்னரே ஒதுக்கீடு என்று அந்தச் சட்டத்தில் விதித்திருக்கிறது என்பதையும் சொன்னோம்.

"அதுக்கும் ஒரு தேதி வெச்சிருக்காங்களா?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வாடிக்கைக்காரருக்குக் கடலை அளக்கத் திரும்பிவிட்டார்.