அந்த ஒரு நொடி

அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனாலும் ‘டின்னர் அட் எயிட்’ (1933) படத்தின் கடைசிக் காட்சியில் என்னை முந்திக்கொண்டு சிரித்தது அம்மாதான். விருந்துக்கு நடந்துபோகும்போது, தான் ஒரு புத்தகம் படித்ததாக நடிகை ஜீன் ஹார்லோ சாதாரணமாகச் சொல்கிறாள். கூட வரும் கிழவி சட்டென்று நின்றுவிடுகிறாள். அந்தக் கனத்த உடம்பு ஒரு குலுங்கு குலுங்குகிறது. பிறகு ஹார்லோவை மேலும் கீழும் பார்க்கிறாள். அவ்வளவுதான்.

“யாருடா இவங்க?” என்று கேட்டார் அம்மா.

மேரி டிரஸ்லர். கனடாவின் கோபர்க் ஊரில் 1868இல் பிறந்தவர். பதின்வயதிலேயே ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் சேர்ந்து, பிறகு வோட்வில் மேடைக்கு வந்தவர். பாட்டு, ஆட்டம், வித்தை, நகைச்சுவை எல்லாம் அடுத்தடுத்து வரும் கதம்ப நிகழ்ச்சி அது. ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். மைக் கிடையாது. அதற்குள் கடைசி வரிசை ஆளையும் சிரிக்க வைத்தாக வேண்டும். பருத்த உடம்பையும் கணீர்க் குரலையும் நம்பித்தான் டிரஸ்லர் அங்கே நின்றார்.

1910இல் ‘டில்லிஸ் நைட்மேர்’ நாடகம் பெரிய வெற்றி. 1914இல் அதே டில்லி பாத்திரம் இயக்குநர் மேக் சென்னட்டின் முழுநீள நகைச்சுவைப் படமானது. சாப்ளினும் அதில் நடித்தார். 1919 நடிகர் வேலைநிறுத்தத்தில், சொற்பக் கூலிக்கு ஆடிய கோரஸ் பெண்களின் சங்கத்துக்கு டிரஸ்லர்தான் தலைவர். அடுத்து வந்த ஆண்டுகளில் வாய்ப்புகள் வற்றிப்போயின.

திரைக்கதை எழுத்தாளரான தோழி பிரான்சிஸ் மரியன் கைகொடுத்தார். படங்கள் பேசத் தொடங்கிய நேரம். மேடையில் பழகிய குரலுக்கு வேலை வந்தது. நடிகை கிரேட்டா கார்போ முதன்முதலாகப் பேசிய ‘அன்னா கிறிஸ்டி’யில் (1930) டிரஸ்லர் துறைமுகத்துக் குடிகாரியாக வந்தார். அதே ஆண்டில் வந்த ‘மின் அண்ட் பில்’ அவருக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரைத் தந்தது. அறுபதைக் கடந்த அந்தப் பெண்மணிதான் 1932, 1933 இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்காவின் முதலிட வசூல் நட்சத்திரம். 1934இல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது.

அடுத்த வாரம் ‘மின் அண்ட் பில்’ படத்தை அம்மாவுக்குப் போட்டேன். தான் வளர்த்த பெண்ணின் வாழ்வு கெடக்கூடாதென்று, அவளைப் பெற்றவளையே சுட்டுவிடுகிறாள் டிரஸ்லர் நடித்த மின். அந்தப் பெண் கணவனோடு கப்பலில் புறப்படுகிறாள். அதைப் பார்த்தபடி போலீஸ் பிடியில் நிற்கும் மின்னின் முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு எழுகிறது.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ‘டின்னர் அட் எயிட்’டில் டிரஸ்லர் சட்டென்று நின்றாரே, சிரிப்புக்காக எத்தனையோ ஆண்டு மேடையில் பழகிய நிறுத்தம் அது. எந்த நொடியில் அசையாமல் நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்ற கணக்கு அவர் உடம்பில் ஊறியிருந்தது. அதே நிறுத்தத்துக்குள் இங்கே ஒரு தாயின் மொத்தத் துயரத்தையும் வைத்துவிட்டார். சிரிக்க வைக்கத் தெரிந்தவர்களை எளிதாக எடைபோடும் வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

அம்மா எதுவும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.