நாரை முத்திரையின் ஊர்

ராபின் ஹூட் கதையைக் கேட்டு வளராத குழந்தை உண்டா? பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்த அந்த வில் வீரனைப் பிடிக்க முடியாமல் திண்டாடினாரே ஷெரீப், அவருடைய ஊர்தான் இங்கிலாந்திலுள்ள நாட்டிங்ஹாம். லண்டனில் ரயிலேறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். கோட்டையடியில் ராபின் ஹூடின் சிலையைப் பார்க்கலாம். ஒரு காலத்தில் உலகத்துச் சீமாட்டிகளுக்கெல்லாம் லேஸ் பின்னிக் கொடுத்த பழைய வீதிகளைப் பார்க்கலாம். ஆனால் இன்றைக்கு நாம் வந்திருப்பது வில்லைப் பார்க்கவும் அல்ல, லேஸைப் பார்க்கவும் அல்ல. நம் தாத்தாக்களில் பலர் பெற்ற பிள்ளையைப் போல் தினமும் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஒரு வாகனத்தின் பிறந்தகத்தைப் பார்க்க வந்திருக்கிறோம். ஆம், 'ராலே' சைக்கிள் பிறந்த ஊர் இது.

ஊருக்கு நடுவே 'ராலே தெரு' என்று ஒரு தெரு இருக்கிறது. 1880-களில் அங்கே ஒரு சின்னஞ்சிறு பட்டறையில் சைக்கிள் செய்துகொண்டிருந்தார்கள். அப்போது ஹாங்காங்கில் நன்றாகச் சம்பாதித்துவிட்டு, உடம்பு கெட்டுத் தாய்நாடு திரும்பியிருந்தார் பிராங்க் பௌடன் என்பவர். "சைக்கிள் விட்டுப் பாருங்கள்" என்றாராம் டாக்டர். விட்டார், உடம்பு தேறியது. பௌடன் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பட்டறையையே வாங்கிவிட்டார்! மருந்து குணம் கொடுத்தது என்பதற்காக மருந்துக் கடையையே விலை பேசுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்? 1888-ல் அது ராலே கம்பெனியாயிற்று. பௌடன் குடும்பச் சின்னமான நாரையின் தலை, சைக்கிளின் நெற்றியில் முத்திரையாக ஏறியது. செயின் ஓடும் பெரிய பல்சக்கரத்திலும் மூன்று நாரைகள் கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்கும். பழைய ராலே இருக்கும் வீட்டார் இப்போதே எழுந்து போய்ப் பார்க்கலாம்!

அங்கிருந்து மேற்கே நடந்தால் லென்டன் என்ற பகுதி வரும். 1890-களில் தொழிற்சாலை இங்கே பெயர்ந்தது. வளர்ந்து வளர்ந்து தெருத் தெருவாக விழுங்கிற்று. 1950-களின் தொடக்கத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சம் சைக்கிள் என்ற கணக்கை எட்டியது. ஆயிரக்கணக்கான ஆண்களும் பெண்களும் சங்கு ஊதியதும் உள்ளே போய், சங்கு ஊதியதும் வெளியே வந்தார்கள். அவர்களில் ஒரு பையன் ஆலன் ஸில்லிடோ. அவரே பிற்பாடு நாவலாசிரியராகி, இந்தத் தொழிற்சாலை வாழ்க்கையை வைத்து 1958-ல் 'சனி இரவும் ஞாயிறு காலையும்' என்ற நாவலை எழுதினார். 1960-ல் அது சினிமாவாக வந்தது.

அதே 1960-ல் ராலே கம்பெனி, 'ட்யூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ்' என்ற பெரிய கம்பெனியின் கைக்குப் போயிற்று. இந்தப் பெயர் நமக்குப் புதிதல்ல. நம் முருகப்பா குழுமத்தாரும் அவர்களும் 1949-ல் கைகோத்ததன் பலன்தான் சென்னையை அடுத்த அம்பத்தூர் சைக்கிள் தொழிற்சாலை. ஒரு வகையில் நாட்டிங்ஹாமும் அம்பத்தூரும் சம்பந்தி வீடுகள்!

சரி, தொழிற்சாலை எங்கே என்கிறீர்களா? இல்லை. 1999-ல் சைக்கிளின் சட்டம் செய்வது நின்றது. 2002-ல் மிச்சமிருந்த வேலையும் நின்று கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த நிலத்தில் இன்று பல்கலைக்கழகக் கட்டடங்கள், செயற்கை ஏரி, 60 மீட்டர் உயரத்தில் சிவப்பும் ஆரஞ்சு நிறமுமாக ஓர் அலங்காரக் கோபுரம். லென்டன் பூலவார்டில் 1931-ல் கட்டிய தலைமை அலுவலகம் மட்டும் பிழைத்திருக்கிறது. அண்ணாந்து பாருங்கள்: முகப்பில், கொழுகொழு குழந்தைகள் கூடி உட்கார்ந்து சைக்கிள் செய்வது போலப் புடைப்புச் சிற்பங்கள்! செய்த கைகள் போய்விட்டன. கல் குழந்தைகள் மட்டும் இன்னும் வேலையை நிறுத்தவில்லை.

ஆனால் தொழிற்சாலை போனாலும் அதன் பிள்ளைகள் போகவில்லை. இங்கிலாந்தில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகைகளில், ஏணிக்கும் புல் வெட்டும் மிஷினுக்கும் பின்னால், தூசி மூடிய கறுப்புச் சைக்கிள்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து உயிர் கொடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அங்கே ஏராளம். நம் ஊரில் 'ஓவராயில்' என்போமே, அதேதான். பக்தி கொஞ்சம் அதிகம்.

நம் ஊர் ரோடில் ஓடிய கறுப்புச் சைக்கிளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நம்முடையது பெரும்பாலும் ஒற்றை வேகம். அவர்களுடையதில் பின்சக்கரத்து ஹப்புக்குள் மூன்று கியர் ஒளிந்திருக்கும். 'ஸ்டர்மி ஆர்ச்சர்' என்று பெயர். பௌடனே 1902-ல் ஆரம்பித்து வைத்த தொழில் அது. ஸ்டர்மி ஒருவர், ஆர்ச்சர் ஒருவர்; ஆனால் அந்த யந்திரத்துக்கு மூளையாக இருந்தவர் வில்லியம் ரெய்லி என்ற மூன்றாமவர் என்று சைக்கிள் சரித்திரம் எழுதியவர்கள் சொல்கிறார்கள். அவர் பெயர் ஹப்பின் மேல் ஏறவில்லை. வேலை செய்தவர் ஒருவர், பெயர் இன்னொருவருக்கு! குடும்பம் நடத்தும் பெண்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

உள்ளே என்ன இருக்கிறது? நவக்கிரக சந்நிதியை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவே அசையாத சூரியன். அதுதான் அச்சோடு சேர்ந்த பல்சக்கரம். அதைச் சுற்றி வரும் நாலு கிரகச் சக்கரங்கள். எல்லாவற்றையும் வளைத்தாற்போல் வெளியே ஒரு பல்வளையம். வளையத்தை மிதித்துக் கிரகங்கள் வழியாகச் சக்கரத்தைச் சுற்றினால் வேகம் முக்கால் பங்கு. மேட்டில் ஏற அதுவே போதும். கிரகங்களை மிதித்து வளையத்தைச் சுற்றினால் வேகம் ஒன்றேகால் பங்குக்கும் சற்று அதிகம், அதாவது ஒன்றும் மூன்றில் ஒரு பங்கும், சமவெளியில் பறக்கலாம். நடுக் கியரில் மிதித்தது மிதித்தபடி. 1936-ல் வந்த 'ஏ.டபிள்யூ' ரகம் பல பத்தாண்டுகள் பெரிய மாற்றமின்றி ஓடிற்று.

கிரகம் இருந்தால் ஜாதகமும் இருக்க வேண்டுமே? இருக்கிறது! ஹப்பின் மேல் அழுக்கைத் துடைத்தால் சிறிய எண்கள் தெரியும். 58, அதன் பக்கத்தில் 3 என்று இருந்தால், 1958 மார்ச்சில் ஜனனம். சைக்கிளின் வயதை மறைக்க முடியாது.

இனி ஓவராயில் செய்யும் முறையைப் பாருங்கள். முதல் விதி, அவசரப்படக் கூடாது. ஹப்பில் எண்ணெய் விடுவதற்கென்றே ஒரு சிறு மூடி உண்டு. அதில், தையல் மிஷின் எண்ணெயை விடச் சற்றுக் கெட்டியான யந்திர எண்ணெயை ஒரு ஸ்பூன் விட்டு ஓர் இரவு வைப்பார்கள். சமையல் எண்ணெய் ஆகாது, நாளடைவில் பிசினாகிவிடும். காலையில் சக்கரத்தைச் சுற்றினால், வருஷக்கணக்காக வாய் திறக்காத ஹப் 'டிக் டிக்' என்று பேச ஆரம்பிக்கும். அந்தச் சத்தத்துக்காகவே உயிரை விடுகிறவர்கள் உண்டு.

துருப் பிடித்த குரோமியப் பூச்சுக்கு, நாம் பட்சணம் பொதிகிற அலுமினியத் தாள் போதும். கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெல்லத் தேய்த்தால் பளிச்சிடும். பெடல் கட்டையைத் தாங்கும் காட்டர் பின்னைக் கழற்றும்போதுதான் பொறுமை வேண்டும். கீழே முட்டுக் கொடுக்காமல் சுத்தியால் ஓங்கி அடித்தால், அடி உள்ளேயிருக்கும் குண்டுகளின் மேல் விழும். ராலே ஒரு பிடிவாதக்காரப் பிறவி வேறு! மற்றக் கம்பெனிகள் அங்குலத்துக்கு 24 மரை வைத்தால், இவர்கள் பல இடங்களில் 26 மரை வைத்தார்கள். ஆகவே மற்றச் சைக்கிளின் சாமான் இதற்குச் சேராது.

கடைசியில் கியர் கம்பியைச் சரி பார்க்க வேண்டும். நடுக் கியரில் வைத்து, வலப்பக்க நட்டிலுள்ள துளை வழியே பார்த்தால், சங்கிலியோடு சேர்ந்த சிறு கம்பியின் தோள், அச்சின் நுனிக்கு நேராக நிற்க வேண்டும். இது தவறினால் மிதிக்கும்போது கால் திடீரென்று வழுக்கும். இதை மட்டும் யாரும் அலட்சியம் செய்வதில்லை.

எல்லாம் முடிந்தபின் பெயின்ட் அடிக்கலாமா? இங்கேதான் இரண்டு கட்சி. புத்தம் புதிதாக்க வேண்டும் என்பது ஒரு கட்சி. துருவை நிறுத்தினால் போதும், பழைய கறுப்பையும், அதன் மேல் கையாலேயே இழுத்த தங்கக் கோட்டையும் தொடக் கூடாது என்பது மற்றொன்று. நம் ஓட்டு இரண்டாவது கட்சிக்குத்தான். கைப்பிடியில் தேய்ந்த இடம் ஒருவருடைய கை. தோல் சீட்டில் விழுந்த பள்ளம் ஒருவருடைய வாழ்நாள். பாட்டியின் பித்தளைக் குடத்து நெளிவைத் தட்டி எடுத்துவிட்டால், அது பாட்டியின் குடமாக இருக்குமா?

சகோதரிகளே, இனி சொல்லப்போவது முக்கியமாக உங்களுக்கு. இந்தச் சைக்கிள்களில் 'லேடீஸ்' சைக்கிள் என்று ஒரு ஜாதி. குறுக்கு பார் கிடையாது. அன்னத்தின் கழுத்தைப் போல் வளைந்து இறங்கும் சட்டம். பாவாடை சிக்காமல் செயினுக்கு முழு மூடி. நள்ளிரவில் பிரசவம் பார்க்கப் போன மருத்துவச்சிகளும், கிராமம் கிராமமாகச் சுற்றிய நர்ஸுகளும், தொழிற்சாலைக்குப் போன பெண்களும் ஏறிய சைக்கிள் இதுதான். மேட்டிலே மூச்சு வாங்காமல் அவர்களை ஏற்றியது அந்த முக்கால் வேகக் கியர்தான்.

ஆனால் பழைய சைக்கிள் சந்தையில் இதற்கு மவுசு குறைவு. சேகரிக்கிறவர்களில் பெரும்பாலோர் ஆண் சைக்கிளையே தேடுகிறார்கள். லேடீஸ் சைக்கிளை மலிவாக வாங்கி, ஹப்பையும் சீட்டையும் கழற்றி ஆண் சைக்கிளுக்குப் பூட்டிவிட்டு, சட்டத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுகிறவர்களும் உண்டு. உறுப்பு தானம் என்றால் மனம் வந்து கொடுப்பது அல்லவா? இங்கே கேட்பாரே இல்லை. ஒவ்வொரு சட்டம் உருகும்போதும், ஒரு மருத்துவச்சியின் ஐம்பது மைல் இரவுகள் உருகிப் போகின்றன. ஆகவேதான், "லேடீஸ் சைக்கிளை உடைக்கமாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் ஓவராயில்காரர்கள் நம் மரியாதைக்குரியவர்கள்.

பெண்ணுக்குச் சைக்கிள் என்ன செய்யும் என்பதை நாமும் பார்த்தவர்கள்தானே? 1991-92-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், அறிவொளி இயக்கத்தின்போது, ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே ஏறினார்கள். முன்னால் பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. அந்த வண்டிகளில் எத்தனை இன்று மிஞ்சியிருக்கும்?

நாட்டிங்ஹாமை விட்டுக் கிளம்புமுன் வுல்லட்டன் பூங்காவுக்கு ஒரு நடை போய்விடுங்கள். மான்கள் மேயும் அந்தப் பூங்காவில், பழைய குதிரை லாயத்தில், தொண்டர்கள் நடத்தும் தொழில் பொருட்காட்சி இருக்கிறது. லேஸ் பின்னும் யந்திரங்களோடு ராலே சைக்கிள்களும் அங்கே நிற்கின்றன. அழகுதான். ஆனால் பொருட்காட்சிச் சைக்கிள் ஓடாது. கொட்டகையிலிருந்து மீண்ட சைக்கிள் காய்கறி வாங்கப் போகும்.

கடைசியாக ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், சாக்கு மூடி, ஒரு பழைய சைக்கிள் சாய்ந்திருக்கிறதா? நாரை இருக்கட்டும், இல்லாமற் போகட்டும். அம்பத்தூரில் பிறந்ததானாலும் சரி. அடுத்த முறை தெருவில் "பழைய இரும்பு, பித்தளைக்குப் பேரீச்சம்பழம்!" என்று குரல் கேட்டால் கொஞ்சம் பொறுங்கள். முதலில் சாக்கை எடுங்கள். சக்கரத்தை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். பேரீச்சம்பழம் கடையில் எப்போதும் கிடைக்கும்.